அடைக்கக்கூடிய தண்ணீர் ஐந்து, அடைக்க முடியாதது ஒன்று: தாமிரபரணிக் கரையில் ஒரு தொட்டிக்கட்டு வீடு

கார்த்திகை இரண்டாம் வாரம் பழுதுபார்க்கும் வேலையை நிறுத்தியபோது, நடுவில் முற்றம் வைத்த இந்தப் பழைய தொட்டிக்கட்டு வீடு இருந்த நிலை இது. முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் ஓடு பிரித்தாயிற்று; மேலே நீலத் தார்ப்பாய், அதன் நடுவில் தேங்கிய தண்ணீர். பட்டாசாலை என்ற பெரிய கூடத்தில் பாதித் தரை பளபளவென்று டைல்ஸ், மீதிப் பாதி தோண்டிப் போட்ட மண். புதுக் கழிவறைக்கு வெட்டிய பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுச் சாமான் அத்தனையும் அரங்கு என்ற உள்ளறைக்குள் அடுக்கியிருக்க, அடியில் இருந்த பெட்டிகளைச் செல் (கரையான்) அரித்துக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு வயது ஆச்சிக்குப் படுக்கை திண்ணையில். ஒதுக்கியிருந்த 18 லட்சத்தில் 10 லட்சத்துக்கு மேல் செலவாகிவிட்டது. முடிந்தது என்று சொல்ல ஒரு அறைகூட இல்லை.

சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே, கன்னடியன் கால்வாய் பாயும் ஊர்களில் இப்படிப் பாதியில் நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். இந்த ஆய்வில் வருவது அப்படிப்பட்ட வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை ஒரே வீடாகச் சேர்த்து எழுதியது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. அளவுகளும் கணக்குகளும் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி கொடுக்கப்பட்டுள்ளன.

வீடு

தெருவில் 24 அடி அகலம், உள்ளே 96 அடி நீளம். திண்ணை, தார்சா (முன்கூடம்), பட்டாசாலை, நடுவில் முற்றம், அதை ஒட்டி அரங்கு, அடுக்களை, அங்கணம் (பாத்திரம் கழுவும் இடம்), கடைசியில் கிணற்றோடு புறவாசல். சுவர் 18 அங்குலம், செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். உள்சுவர் சிலவற்றில் செம்மண் சாந்து. முற்றத்தைச் சுற்றிச் சீமை ஓட்டுச் சரிவு. தார்சாவுக்கு மேலே மட்டும் மச்சு, அதாவது மாடி அறை; அதன் மேல் கட்டைகுத்து மட்டப்பா, அதாவது கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை. கட்டியபோது இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி இரண்டு நாள் நின்றது. சுவரெல்லாம் ஊறி, மாசி மாதம் வரை ஈரம் போகவில்லை. அப்போதுதான் மூத்த மகன் சென்னையிலிருந்தும் மகள் பெங்களூரிலிருந்தும் "இனிமேல் வீட்டைச் சரி பண்ணிடணும்" என்று முடிவெடுத்தார்கள். ஊரில் இருப்பவர் இளைய மகன். அவர் ஒரு கோடு போட்ட நோட்டில் குறைகளை எழுதினார். மொத்தம் 46. சுவர் உதிர்கிறது, மச்சு ஒழுகுகிறது, சுவிட்சைத் தொட்டால் ஷாக், கதவு இறுகுகிறது, அரங்கில் செல், பட்டாசாலைத் தரை ஓதம் (அடியிலிருந்து ஏறும் ஈரம்), அடுக்களையில் நாற்றம்...

குடும்பத்தைத் திணற வைத்தது இந்த 46 என்ற எண்தான். 46 தனித்தனி வேலை என்று நினைத்ததால் 46 இடத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள்.

ஆவணியில் தொடங்கியது

ஆனியில் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று முழு வீட்டுக்கும் ஒரே விலை சொன்னார். ஆடியில் தொடங்கக்கூடாது என்று ஆச்சி சொல்ல, ஆவணியில் நாள் பார்த்துத் தொடங்கினார்கள். புரட்டாசியில் ஓடு பிரித்தார்கள். ஐப்பசியில் அடைமழை.

கூரையைத் திறக்க இந்தப் பக்கத்தில் சரியான காலம் தை பிறந்து பங்குனி முடிய. சித்திரை, வைகாசியில் கோடை மழை மாலையில் வந்து போகும். அதற்குள் ஓடு ஏறியிருக்க வேண்டும். ஆனி, ஆடியில் மலையடிவார ஊர்களில் சாரல் விடாது. ஐப்பசி, கார்த்திகையைச் சொல்லவே வேண்டாம். ஆடியும் மார்கழியும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, தையில் தொடங்கியிருந்தால் சாத்திரமும் சரி, வானமும் சரி. ஆவணி சாத்திரத்துக்கு மட்டும் சரி.

அடுத்த தவறு, மூன்று சரிவையும் ஒரே வாரத்தில் பிரித்தது. ஒரு சரிவைப் பிரித்து, கைமரம் (சரிவைத் தாங்கும் மரம்) பார்த்து, ரீப்பர் (ஓடு உட்காரும் சட்டம்) அடித்து, ஓடு ஏற்றி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஆள் கூலி கொஞ்சம் கூடும், சாரம் மூன்று முறை கட்ட வேண்டி வரும். ஆனால் எந்த நாளிலும் வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு நனையாமல் இருக்கும்.

மூன்றாவது தவறு பட்டாசாலைத் தரை. பழைய காவித் தரையை உடைத்து, நாலு அங்குலம் கான்கிரீட் கொட்டி, மேலே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்துக்கு வாசல் அடைபட்டது. அது சுவரைத் தேடிப் போனது. டைல்ஸ் ஒட்டிய பாதியில் சுவரின் ஈரக்கோடு ஒரே மாதத்தில் ஒரு சாண் ஏறியிருந்தது. தோண்டிக் கிடந்த பாதியில் ஏறவில்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனையை யாரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாது.

நிறுத்திய எட்டு வாரம்

கார்த்திகையிலிருந்து தை வரை கட்டுமானம் எதுவும் கிடையாது. பாதுகாப்பு மட்டும். தார்ப்பாய்க்கு நடுவில் சவுக்குக் கம்பு முகடு கொடுத்துச் சரிவு உண்டாக்கினார்கள். தட்டையாக விரித்த தார்ப்பாய் தொட்டியாகிவிடும். கழிவறைப் பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள், சுவர் அடியில் தண்ணீர் தேங்கினால் அஸ்திவாரம் இறங்கும். அரங்கிலிருந்த சாமானைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, செங்கல் மேல் பலகை போட்டு ஏற்றினார்கள். தார்சாவையும் அடுக்களையையும் ஆச்சி புழங்க ஒழுங்கு செய்தார்கள். எந்தப் பழுதுபார்ப்பிலும் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கழிவறை கடைசி வரை கைபடாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் மூன்றாவது மாதத்தில் வீட்டுக்குள் சண்டை வரும், சண்டையில் எடுக்கிற முடிவுகள் எல்லாம் பணத்தைத் தின்னும்.

இந்த இடைவெளியில் காகித வேலையும் முடிந்தது. பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. வாரிசுகள் ஆறு பேர். வாரிசுச் சான்று, மற்றவர்களின் விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல் என்று முடித்த பிறகுதான் வங்கிக் கடன் பேச்சே எடுபடும். கோயில் நிலத்தில் அடிமனை வாடகையில் நிற்கும் வீடா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் பக்கத்தில் இருந்தால், 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்திய பகுதி.

நோட்டை மறுபடி எடுத்து, 46 குறைக்கும் பக்கத்தில் "இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரே கேள்வி எழுதினார்கள். ஈரமே இல்லாத குறைகள் ஏழு. மீதி 39-ம் ஆறு இடத்துக்குள் அடங்கின. ஐந்து அடைக்கக்கூடியவை. ஆறாவது அடைக்க முடியாதது.

முதல் தண்ணீர்: கூடல்வாய்

இரண்டு ஓட்டுச் சரிவுகள் முற்றத்து மூலையில் சேரும் இடம் கூடல்வாய். அங்கே போட்டிருந்த தகரம் துருப்பிடித்து ஊசித்துளைகள். அந்த மூலைக்கு நேர் கீழே இருந்த தூண் தலை, உத்தரம், சுவர் மூன்றும் கெட்டிருந்தன. நோட்டில் ஒன்பது குறை இந்த ஒரு தகரத்தால் வந்தவை.

புதிதாகப் போட்டது 1 மி.மீ. அலுமினியத் தகடு, விரிப்பு அகலம் 60 செ.மீ. இரு பக்கமும் ஓட்டுக்கு அடியில் குறைந்தது 20 செ.மீ. உள்ளே போக வேண்டும். வெட்டிய ஓடுகளுக்கு நடுவே 10 செ.மீ. வாய் திறந்திருக்க வேண்டும். அழகுக்காக ஓட்டை நெருக்கி வைத்தால் வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் ஏறும். தகட்டை ஒட்டுமிடத்தில் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் 20 செ.மீ. ஏறி உட்கார வேண்டும். தகட்டின் நடுவில் ஆணி அடிக்கக்கூடாது, ஓரத்தில் மட்டும்.

ஓட்டுக் கணக்கு: தரையளவு 83 சதுர மீட்டர், சரிவு 30 பாகை, ஆகவே கூரைப் பரப்பு சுமார் 96 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 15 ஓடு, மொத்தம் 1,440. பிரித்த ஓடுகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கணீரென்றவை ஒரு பக்கம், சொத்தென்றவை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். சந்தேகமான பத்து ஓட்டை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட்டார்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த ஓடு ஆகாது, 2.6 கிலோ ஓட்டில் அரைக்கிலோவுக்கு மேல் ஏறினால் தள்ளிவிடலாம்.

கைமரங்களில் பாதி பனங்கை. வைரம் பாய்ந்த பனங்கையைச் செல் எளிதில் தொடாது, ஆனால் ஓயாமல் நனைகிற நுனி நாராகிவிடும். புதிதாகப் பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே இடித்த வீட்டுச் சாமான் கடைகளில்தான் தேட வேண்டும். நல்லதும் அதுதான், பல வருடம் காய்ந்த மரம் கோணாது.

ஒப்பந்தக்காரர் "ஓடு வேண்டாம், ஆர்.சி.சி. தளம் போட்டுடுவோம்" என்று சொல்லியிருந்தார். ஓடு, ரீப்பர், கைமரம் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 65 முதல் 70 கிலோ. ஐந்து அங்குலத் தளம் 310 கிலோ. நனைந்து மெலிந்த சுவர் மேல் நாலு மடங்குக்கும் அதிகமான பாரம். அதோடு தளம் வெயிலில் நீண்டு சுருங்கும். சுண்ணாம்புச் சுவரின் தலைமாட்டில் நீளவாக்கில் வெடிப்பு விழும். மழைத் தண்ணீருக்கு அது புது வழி.

இரண்டாவது: மட்டப்பா

கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று. பார்ப்பதற்குக் கை நீளம், வேர் மச்சுக்குள் ஐந்து அடி. கன்றைப் பிடித்து இழுத்தால் வேர் அறுந்து உள்ளே தங்கும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கைப்பிடிச் சுவரை நாலு வரிசை பிரித்து, வேரை முழுக்க எடுத்து, அதே செங்கல்லை வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

கட்டைகுத்துத் தளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பழுதும் புரியும். தேக்குக் கட்டைகளின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கலைக் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி மூன்று நாலு அங்குலம், மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்தது. அதற்கும் மேலே தட்டோடு இரண்டு வரிசை. இதற்கு ஐ.எஸ். 2119 என்று இந்தியத் தர நிர்ணயமே உண்டு. பழைய கொத்தனாருக்கு அது தேவைப்பட்டதில்லை. ஒழுகினால் கெட்டது பெரும்பாலும் தட்டோட்டு வரிசை மட்டும். அதை எடுத்து, ஜல்லி வெடிப்பைச் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சாந்தால் அடைத்து, தட்டோட்டைத் திரும்பப் பதித்தால் போதும். இந்த வீட்டில் அதற்குப் பதிலாக முன்பு ஒருமுறை சிமெண்ட் பூச்சு, இன்னொருமுறை தார் என்று மேலே மேலே ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் உள்ளே போனது, வெளியே வரத்தான் வழியில்லை. ஏற்றியது அத்தனையையும் சுரண்டி எடுத்ததில் இறங்கிய பாரமே டன் கணக்கில் இருக்கும். சரிவு 60-க்கு 1 வைத்து, தண்ணீர் விழும் வாயை இரண்டாக்கினார்கள். ஒன்றில் பந்து விழுந்து அடைத்தால் இன்னொன்று.

மூன்றாவது: பொதுச் சுவர்

பக்கத்து வீட்டை இடித்துவிட்டு ஒன்றரை அடி தள்ளிக் கான்கிரீட் வீடு கட்டியிருந்தார்கள். அதுவரை வீட்டுக்குள் இருந்த செம்மண் சாந்துச் சுவர் முதல்முறையாக மழையைப் பார்த்தது. இரண்டு சுவருக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத சந்து. கீழே சருகும் பிளாஸ்டிக்கும்.

இங்கே வேலை குறைவு, பேச்சுவார்த்தைதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் தகடு போட முடியாது. இந்தச் சுவரின் தலையில் மூடுகல்லாகக் கற்பாவி, அதன் அடியிலிருந்து அலுமினியத் தகடு சந்தின் மேல் போய் அடுத்த சுவரில் உள்ள உதட்டுக்குக் கீழே சும்மா நுழைந்து நிற்கும். ஆணி ஒரு சுவரில் மட்டும். இரண்டிலும் அடித்தால், இரண்டு கட்டடமும் வெவ்வேறு மாதிரி அசைவதால் தகடு கிழியும். இதைப் பலமுறை சொல்லியும் இரண்டு பக்கமும் அடித்துவிட்டார்கள், ஒரே வெயில் காலத்தில் கிழிந்தது, திரும்பப் போட்டார்கள்.

நான்காவது: தெரு

திண்ணைக்கு ஏற ஐந்து படி இருந்ததாக ஆச்சி சொல்வார். இப்போது வெளியே தெரிவது இரண்டு. மற்ற மூன்றும் தெருவுக்கு அடியில். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் விளைவு. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவு வந்தது. அதற்குள் இந்தத் தெரு ஏறி முடிந்திருந்தது.

இதன் பெரிய விளைவு வாசலில் இல்லை, முற்றத்தில் இருந்தது. முற்றத்துத் தண்ணீர் ரேழிக்கு (வாசலிலிருந்து உள்ளே வரும் நடைக்கு) அடியில் உள்ள கல்வாய்க்கால் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும்படி கட்டப்பட்ட வீடு இது. சாக்கடை உயர்ந்த பிறகு தண்ணீர் எதிர்த்திசையில் வந்தது. முற்றத்தில் விழும் மழைப்பரப்பு 95 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்கு 95 லிட்டர். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் 9,500 லிட்டர். ஒரு மணிநேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் நொடிக்கு 1.3 லிட்டர் போயாக வேண்டும். முன்பு யாரோ பொருத்திய மூன்று அங்குலக் குழாய், பாதி வண்டல் அடைத்த நிலையில், அதற்குத் தாங்காது.

தெருப் பக்க வாயைச் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டு, புறவாசல் நோக்கி 160 மி.மீ. குழாய் 16 மீட்டர் போட்டார்கள். 100-க்கு 1 சரிவு, ஆகவே இரு முனைக்கும் 16 செ.மீ. வித்தியாசம். தண்ணீர்மட்டக் குழாய் வைத்துப் பார்க்காமல் கண்மட்டத்துக்குப் போட்டால் நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் வண்டல் சேரும். முற்றத்து முனையில் 45 செ.மீ. சதுரத்தில் வண்டல் தொட்டி, அதன் மேல் எடுத்துக் கழுவும்படி சல்லடை. வாசலில் 15 செ.மீ. உயரக் கருங்கல் தடுப்பு. 2023 போன்ற வெள்ளத்தை அது நிறுத்தாது. தெருவில் ஓடும் சாதாரண மழைத் தண்ணீரை நிறுத்தும்.

ஐந்தாவது: அங்கணம்

அடுக்களை நாற்றத்துக்கும் அரங்கில் செல்லுக்கும் இதுதான் காரணம். அங்கணத்து வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, சொட்டு நீலம் கலந்துவிட்டார்கள். மறுநாள் காலை அரங்குச் சுவரின் அடியில் நீலக்கறை. பல வருடமாகப் பாத்திரம் கழுவின தண்ணீர் அந்தச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கணத்தை இடித்து, அடியில் புதுக் குழாய் போட்டு, சுவரோரம் 15 செ.மீ. ஏற்றிப் பூசியாயிற்று. புதுக் கழிவறையையும் பட்டாசாலை மூலையிலிருந்து புறவாசலுக்கு மாற்றினார்கள், தனிச் சுவரோடு, கிணற்றிலிருந்து விலகி.

உத்தரத்தின் நுனி

தண்ணீர் நின்ற பிறகுதான் மரம். கூடல்வாய்க்குக் கீழே இருந்த உத்தரம் 8 க்கு 10 அங்குலத் தேக்கு, 12 அடி நீளம். முழுவதையும் எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போட வேண்டும் என்று முதலில் மதிப்பீடு. ஆசாரி சுத்தியலால் நீள நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர், சுவரை நெருங்கியதும் பொத்தென்று ஒரு சத்தம். அங்கே உளியை வைத்துக் கையால் அழுத்தினார், இரண்டு அங்குலம் இறங்கியது.

"மரம் நல்ல மரம், அண்ணாச்சி. சுவத்துக்குள்ள இருக்க நுனிதான் போச்சு. அதுக்கு முழு உத்தரத்தையும் எடுக்கணும்னு சொன்னா எப்படி?"

கெட்டது 14 அங்குலம். முதலில் முட்டு: நாலு இரும்பு ஜாக்கி, அடியில் 9 அங்குலப் பலகை. ஜாக்கியைத் தரை டைல்ஸ் மேல் நிறுத்தினால் டைல்ஸோடு இறங்கும். கெட்டி மண் வரை தோண்டித்தான் பலகை போட வேண்டும். ஜாக்கியைப் பாரம் ஏறும் வரை மட்டும் முறுக்க வேண்டும். தொய்ந்த உத்தரத்தை நேராக்குகிறேன் என்று தூக்கினால் மேலே உள்ள ஓட்டுக்கூரை முழுக்க அசையும். பிறகு நல்ல மரத்தில் ஆறு அங்குலம் உள்வாங்கி அறுத்தார்கள். பழைய தேக்கில் புது நுனி. 28 அங்குல நீளத்துக்குச் சாய்வெட்டு இணைப்பு. இரு பக்கமும் 6 மி.மீ. கனம், 150 மி.மீ. அகலம், 1.2 மீட்டர் நீள இரும்புப் பட்டை, துருப்பிடிக்காத 12 மி.மீ. போல்ட் மேலும் கீழும் மாற்றி மாற்றி.

கெட்டதன் காரணம் மழை மட்டும் இல்லை. நுனியைச் சுற்றிச் சிமெண்ட் வைத்து யாரோ இறுக்க அடைத்திருந்தார்கள். ஈரம் பட்ட மரம் காயக் காற்று வேண்டும். புது நுனி கருங்கல் தலையணை மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலும் முனையிலும் ஒரு அங்குல இடைவெளி, மேலே சின்னக் கம்பிவலை. அந்த இடைவெளியை "விட்டுப்போச்சு" என்று நினைத்து வெள்ளையடிக்க வந்தவர் சாந்து வைத்து மூடப் போனார். பக்கத்தில் பெயிண்டால் "மூடாதே" என்று எழுதி வைத்திருக்கிறது.

ஆறாவது தண்ணீர்

கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டால், இந்த வீட்டுக் கிணற்றில் மட்டம் ஏறும். கயிற்றில் முடிச்சுப் போட்டு வாரம் ஒருமுறை அளந்ததில், கால்வாய் ஓடும் மாதங்களில் தண்ணீர் தரையிலிருந்து ஆறடிக்குள் வந்தது. சுவரடி ஓதமும் அந்த மாதங்களில்தான் கூடியது. இதை அடைக்க முடியாது. அடைக்கவும் கூடாது, ஊரின் வயல் அதில்தான் விளைகிறது.

கட்டியவர்களுக்கு இது தெரியும். சுண்ணாம்புச் சுவர் அடியில் உறிஞ்சும், இடுப்புக்குக் கீழே ஆவியாக விட்டுவிடும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பதும் இதற்குத்தான். உப்பு பூத்த தோலைச் சுரண்டி, மயிரிழை வெடிப்பை மூடி, சுவரின் மூச்சை அடைக்காத புதுத் தோல். தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் மூட்டை கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது. ஓதம் வந்தால் சிமெண்ட் பூசு என்பது பழக்கமாயிற்று. இந்த வீட்டிலும் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட், மேலே எமல்ஷன். ஈரம் நாலடிக்குள் வெளியேற முடியாமல் ஆறடிக்கு ஏறி அங்கே உதிர்த்தது. அதைப் பார்த்து ஆறடிக்குச் சிமெண்ட் பூசலாம் என்று அடுத்த யோசனை.

தரை ஈரம் மேலிருந்தா கீழிருந்தா என்ற சந்தேகத்துக்கு எளிய சோதனை: இரண்டடிச் சதுரப் பாலிதீனைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். அடியில் வேர்த்தால் கீழிருந்து. மேலே வேர்த்தால் காற்றின் ஈரம்.

மாசியில் சிமெண்ட் பூச்சு அத்தனையையும் கொத்தி எடுத்தார்கள், இணைப்புச் சாந்தை அரை அங்குலம் சுரண்டினார்கள். ஒட்டிய டைல்ஸையும் அடிக் கான்கிரீட்டையும் பெயர்த்தார்கள். அது மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் வீண். பிறகு சுவரை ஐந்து மாதம் அப்படியே விட்டார்கள். உப்பு வெளியே வந்து பூக்கும். காய்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போகும். இந்த ஐந்து மாதம்தான் குடும்பத்துக்குக் கஷ்டம். வீடு தோலுரித்த மாடு மாதிரி நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் "இன்னும் முடியலையா?" என்று கேட்கிறார்கள். பொறுமை தப்பி இந்த இடத்தில் பூசிவிடுகிறவர்கள்தான் அதிகம். பூசினால் ஒரு வருடத்தில் உதிரும்.

சுண்ணாம்புக் கணக்கு: பூச வேண்டிய நீளம் 40 மீட்டர், உயரம் 1.5 மீட்டர், கனம் 25 மி.மீ., ஆக 1.5 கன மீட்டர் சாந்து. நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சுண்ணாம்பு மணலின் இடுக்குகளுக்குள் அடங்கிவிடுவதால் மணல் ஏறக்குறைய முழு 1.5 கன மீட்டர், வீணானதையும் சேர்த்து 60 கன அடி. சுண்ணாம்பு 500 லிட்டர். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் கிடைக்கும், ஆகவே 250 கிலோ. இணைப்புகளை நிரப்பவும் சேர்த்து 350 கிலோ வாங்கினார்கள். தாமிரபரணியில் மணல் அள்ள 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. பூச்சுக்கான எம்-சாண்டை வாங்கிக் கழுவிப் பயன்படுத்தினார்கள். கழுவாவிட்டால் கல்தூசி கூடிப் பூச்சு சிலந்திவலையாக வெடிக்கும்.

தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும், கண் போகும், கண்ணாடி கட்டாயம். வடிகட்டி ஒரு மாதம் தண்ணீருக்கு அடியில் வைத்தார்கள். நீறாத ஒரு குறுணி தங்கினாலும் பூசிய பிறகு சுவரில் வெடித்துக் கொப்பளம் விடும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்தார்கள். சாந்து சீக்கிரம் இறுகாமல் கைக்கு வாகாக வரும். அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை, கருப்பட்டி அதிகமானால் எறும்பு வரும்.

முதல் பூச்சு 15 மி.மீ., பத்து நாள் கழித்து இரண்டாவது 10 மி.மீ. காலையும் மாலையும் தெளிப்பு, வெயில் படும் பக்கம் ஈரச் சாக்கு. பழகிய கொத்தனார் கிடைக்காமல் சிமெண்டுக்குப் பழகியவரைப் போட்டபோது, "கெட்டியாகவே மாட்டேங்குதே" என்று ஒரு சட்டிச் சிமெண்டைக் கலந்துவிட்டார். அந்த இரண்டு மீட்டரைக் கொத்தித் திரும்பப் பூசினார்கள். தரைக்குச் சுண்ணாம்புக் கான்கிரீட், மேலே பழைய மாதிரியே காவி.

மீதி வேலைகள்

செல்லுக்கு மருந்து: இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மி.லி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ., துளைக்கு ஒரு லிட்டர். கிணற்றுப் பக்கத்துச் சுவரில் அடிக்கவில்லை. அங்கணக் கசிவு நின்ற பிறகு அரங்கில் செல் தானாகவே குறைந்திருந்தது. ஈரம் இல்லாமல் அது மண்பாதை கட்டாது.

மின்சாரத்துக்குச் சுவரை வெட்டாமல் வெளிக்குழாயில் வயர். சுண்ணாம்புச் சுவரில் படுக்கைவாட்டில் காடி வெட்டினால் பாதிச் சுவரை அறுத்த மாதிரி. புது எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய முதல் நாளே அது நாலு முறை விழுந்தது. பழைய வயர் ஒன்று மச்சில் இன்னும் உயிரோடு இருந்ததைக் காட்டிக் கொடுத்ததே அதுதான்.

ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கிலிருந்து வேலைவாரிக் கணக்குக்கு மாறியது: கூரை சதுர மீட்டருக்கு, பூச்சு சதுர மீட்டருக்கு, குழாய் நீட்டு மீட்டருக்கு. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற மரவேலைக்கு மட்டும் நாள் கூலி. ஒவ்வொரு பில்லிலும் பத்து சதவீதம் ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பு. "கழிவு அகற்றுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்ற வரியின் பேரில் முதல் சுற்றில் இரண்டு தேக்கு நிலையும் சில நூறு ஓடும் வண்டியேறிப் போயிருந்தன. இரண்டாவது ஒப்பந்தத்தில் பிரித்த மரம், ஓடு, கல் அனைத்தும் எண்ணி எழுதி வீட்டுக்காரருக்கே என்று தனி வரி. முடிவெடுக்க ஒருவர், ஊரில் இருக்கும் இளைய மகன். வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், நோட்டில் கையெழுத்துப் போடுவது அவர்.

நோட்டில் 46-இல் 11 இன்னும் மீதி. மச்சு அறை பூட்டியே கிடக்கிறது. பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், மழை உள்ளே வரவில்லை. பட்டாசாலைத் தூணுக்குப் பக்கத்தில் ஈரக்கோட்டைப் பென்சிலால் தேதி போட்டு வரைந்து வருகிறார்கள். வேலை நின்ற கார்த்திகையில் 168 செ.மீ. அடுத்த கார்த்திகையில், கிணறு ஏறிய நிலையிலேயே, 61. பொங்கலுக்கு அந்தச் சுவரை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்கள், கோடு அழிந்துவிடும் என்று.